மதத்தை விட்டுப் போனால் என்ன தண்டனை? குமரி மாவட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்திவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். லீவு நாட்களில் பிள்ளைகளையும் வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு உதயகிரிக் கோட்டை, காற்றாடிமலை, சிதறால் என்று சுற்றுவது பழக்கம். போகிற இடமெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் நின்றுகொண்டு தொண்டை வறளப் பேசுவதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். சிலது காரமாக இருக்கும்.

சார், நம்ம மாவட்டத்தில் மட்டும் இந்தப் பேச்சு ஏன் இவ்வளவு வருகிறது?

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம். இந்துக்கள் நூற்றுக்கு 49 பேர் அளவில், கிறிஸ்தவர்கள் 47 பேர் அளவில், முஸ்லிம்கள் 4 பேர் அளவில். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இப்படி இல்லை. அய்யா வைகுண்டரின் வழி நடக்கும் அய்யாவழிக்காரர்கள் கணக்கெடுப்பில் இந்துக்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள்; அது தனிக் கதை.

இங்கே மதம் மாறியது எங்கோ யாரோ அல்ல. பெரும்பாலான குடும்பங்களில் நாலைந்து தலைமுறை மேலே போனால் 'வேதத்தில் சேர்ந்த', அதாவது கிறிஸ்தவரான, ஒரு தாத்தாவோ, சேராமல் நின்ற அவருடைய தம்பியோ இருப்பார். என் வீட்டில் அப்பா வழியில் இசக்கியம்மனுக்குக் கொடை, அம்மாவின் அம்மா வழியில் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில். சொத்துத் தகராறில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மதம்.

தேவசகாயம் மதம் மாறியதற்காகத்தான் சுடப்பட்டாரா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

முதலில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயங்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே ராஜாவின் படையைப் பழக்குகிறவராக ஆனார். அவர் மூலம் நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்தவம் அறிமுகமாயிற்று. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், பெயர் தேவசகாயம். வடக்கன்குளம் இன்று திருநெல்வேலி மாவட்டம். அன்று திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே. ஞானஸ்நானம் வாங்க எல்லை தாண்டிப் போயிருக்கிறார் என்பதை நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன். 1749 பிப்ரவரியில் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, ஊர் ஊராக இழுத்துப்போய் அடித்தார்கள் என்பது திருச்சபை மரபு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். 2012-இல் நாகர்கோவிலில் முத்திப்பேறு (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி), 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம்.

தகராறு காரணத்தில்தான். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார் என்பது திருச்சபையின் முடிவு. திருவிதாங்கூர் ராஜாக்கள் மதத்துக்காக யாரையும் கொன்றதற்கு ஆவணம் இல்லை, இது ராஜதுரோகக் குற்றச்சாட்டு என்பது சில வரலாற்றாசிரியர்களின் வாதம்.

நான் சொல்வது இது. டி லனாயைப் பாருங்கள். கத்தோலிக்கர். உதயகிரிக் கோட்டைக்குள் அவருக்கு ஜெபாலயம் இருந்தது. 1777-இல் சாகும்வரை கௌரவமாக வாழ்ந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருப்பதை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். அதே கோட்டை, அதே ராஜா, அதே மதம். ஒருவருக்குப் படைத்தலைமை, இன்னொருவருக்குத் துப்பாக்கிக் குண்டு. ஆக, கிறிஸ்தவராக இருப்பது அந்த ராஜ்யத்தில் குற்றமே இல்லை. நாயர் குடும்பத்து அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் கிறிஸ்தவராக மாறுவதும், மாறிய பிறகு கீழே வைக்கப்பட்ட சாதிகளோடு கலந்து பழகுவதும்தான் கண்ணை உறுத்தியிருக்கிறது. இதற்கு நடுவில், 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தன்னைப் பத்மநாப தாசன் என்று அறிவித்துவிட்டார். நாடே சாமியின் சொத்து என்று ஆனபிறகு, சாமியை விட்டுப் போகிறவன் நாட்டையும் விட்டுப் போகிறவனாகத் தெரிவான். 'மதமா, ராஜதுரோகமா' என்ற கேள்வி நமக்குத்தான் இரண்டாகத் தெரிகிறது. அவர்களுக்கு ஒன்று.

காற்றாடிமலையில் ஒரு பாறை இருக்கிறது. மணியடிச்சான் பாறை என்பார்கள். சின்னக் கல்லால் தட்டினால் வெண்கலம் மாதிரி 'ணங்' என்று கேட்கும். அவர் செத்தபோது விழுந்த பாறை என்பது ஊர் நம்பிக்கை. கூட்டிப்போன பிள்ளைகளில் எந்த மதத்துப் பிள்ளையும் தட்டாமல் திரும்பியதில்லை.

அப்படியென்றால் திருவிதாங்கூர் சகிப்பே இல்லாத நாடா?

அப்படியும் சொல்ல முடியாது. பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் இந்தக் கடற்கரையில் முக்குவர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வேணாட்டு ராஜா தடுக்கவில்லை. 1806-இல் மயிலாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ரிங்கல்தௌபே அங்கே தேவாலயம் கட்ட அனுமதி வாங்க முடிந்தது. அவரை அழைத்துவந்த மகாராசன் வேதமாணிக்கம் மயிலாடிக்காரர்தான். சிதம்பரத்துக்குத் தீர்த்த யாத்திரை போனவர், தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டுத் திரும்பியவர்.

இன்னும் பழையதைப் பார்க்க வேண்டுமானால் நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போங்கள். பால் ஊற்றி, மஞ்சள் தூவிக் கும்பிட்டுவிட்டு வருகிற வழியில் மண்டபத் தூண்களைக் கவனித்துப் பார்த்தால் மகாவீரரும், தலைக்கு மேல் படம் எடுத்த பாம்போடு பார்சுவநாதரும் இருப்பார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அந்தக் கோயிலுக்கும் அங்கே இருந்த சமணப் பண்டிதர்களுக்கும் ராஜா நிலம் விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலே மதம் மாறியிருக்கிறது. அதை யாரும் எருமை மேல் ஏற்றவில்லை.

தோள்சீலைக் கலகம் சாதிப் பிரச்சினைதானே, இதில் ஏன் சேர்க்கிறீர்கள்?

ஏனென்றால் அங்கே அடி விழுந்தது மாறியவர்கள் மேல். மாறியதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியவர்கள் மேல்.

நாடார் முதலான சாதிப் பெண்கள் மேலாடை போடக்கூடாது என்பது அன்றைய வழக்கம். கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் மார்பை மூடத் தொடங்கினார்கள். திருவிதாங்கூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோ 1814-இல் ஓர் ஆணை போட்டார்: கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களையும் மாப்பிள்ளைப் பெண்களையும் போலக் குப்பாயம் என்ற சட்டை போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மேலே சேலை போடக்கூடாது. ஒரு சட்டைக்கும் ஒரு முழம் துணிக்கும் நடுவில் அரசாங்கம் கோடு கிழித்தது. பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். 1822-லிருந்து மேல்சாதிக்காரர்கள் சந்தையிலும் வழியிலும் அவர்கள் துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். ஜெபக்கூடங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். 1829 பிப்ரவரியில் வந்த அரச விளம்பரம் அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களைப் பார்த்து மேல்சேலை கூடாது என்றது. முப்பது வருஷம் கழித்து, மறுபடியும் கலவரம் வெடித்து, சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் எல்லோரும், மதம் எதுவானாலும், மேலாடை போடலாம் என்று உத்தரவு வந்தது. அதிலும் மேல்சாதிக்காரர்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு வால்.

இதில் ஒரு கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண்கள் இயேசுவைக் கும்பிட்டது யாருக்கு இடைஞ்சல்? வேதக்கோயிலுக்குள் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். வெளியே வந்து சந்தையில் நடக்கிற விதம் மாறியபோதுதான் நெருப்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னதும் அதே கணக்குத்தான். ஊழியம் என்றால் இன்றைய சபை ஊழியம் இல்லை. கூலி இல்லாத கட்டாய வேலை.

அய்யா வைகுண்டர் மதம் மாறவில்லையே, அவரை ஏன் சிறையில் போட்டார்கள்?

நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. அவர் எந்த மதத்துக்கும் போகவில்லை. போகாமலேயே, இருக்கிற இடத்தில் வேறு வாசலைத் திறந்தார். பூசாரி வேண்டாம், பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம். தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே வா, கண்ணாடியில் உன்னையே பார். தலைப்பாகை கட்டக்கூடாது என்று சொல்லப்பட்ட ஆண்களுக்குச் சாமி முன்னாலேயே தலைப்பாகை! திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் காலத்தில் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். புலிக் கூண்டுக்குள் விட்டும் புலி தொடவில்லை என்று அய்யாவழி நூலான அகிலத்திரட்டு பாடுகிறது. 1839-இல் விடுதலையாகி வந்தார். பிறப்பில் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள் என்பதையும், அந்தப் பெயர் கூடாது என்று முத்துக்குட்டி ஆக்கினார்கள் என்பதையும் சொன்னால், சிறைக்குக் காரணம் பாதி விளங்கிவிடும்.

இந்து மதத்தில் மதத்தை விட்டால் தண்டனையே கிடையாதாமே?

மரண தண்டனை என்று ஒரு சாத்திரமும் எழுதி வைக்கவில்லை என்பது சரி. ஆனால் 'தண்டனையே இல்லை' என்பது சாதியை மறந்துவிட்டுச் சொல்வது.

சாதிப் பிரஷ்டு என்ற வார்த்தையை என் பாட்டி சாதாரணமாகச் சொல்வாள். அந்த ஆளோடு சாப்பாடு கிடையாது, சம்பந்தம் கிடையாது, வண்ணாரும் நாவிதரும் அந்த வீட்டுக்குப் போகமாட்டார்கள், கிணற்றில் தண்ணீர் கிடையாது. பதிதன், அதாவது சாதியிலிருந்து விழுந்தவன், ஆனவனுக்கு உயிரோடு இருக்கும்போதே உறவினர்கள் நீர்க்கடன் கழிக்க வேண்டும், வேலைக்காரி ஒருத்தி தண்ணீர்க் குடத்தைக் காலால் உதைத்துக் கவிழ்க்க வேண்டும் என்று மனு தர்மம் சொல்கிறது. கேரள நம்பூதிரிகளிடம் ஒழுக்க விசாரணையில் விலக்கப்பட்ட பெண்ணுக்குப் படியடைத்துப் பிண்டம் வைப்பார்கள். அவள் வெளியே நடந்து போய்க்கொண்டிருப்பாள், உள்ளே அவளுக்குக் கருமாதி நடக்கும்.

மதம் மாறியவனுக்குப் பூர்வீகச் சொத்தும் போய்விடும். இதைத்தான் 1850-இல் ஆங்கில அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு நிறுத்தியது: மதம் மாறினாலும், சாதியை விட்டு விலக்கினாலும் சொத்துரிமை போகாது. அதை எதிர்த்துச் சென்னையிலும் வங்காளத்திலும் மனுக்கள் குவிந்தன.

தமிழ்நாட்டின் பழைய கதைகளில்? சமணரைக் கழுவேற்றியது உண்மையா?

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று சொல்வது பெரியபுராணம் உள்ளிட்ட சைவ நூல்கள். சம்பவம் 7-ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது, பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்துக் கல்வெட்டோ சமண நூலோ இதைச் சொல்லவில்லை. எண்ணாயிரம் என்ற எண்ணை நான் நம்பவில்லை. ஆனால் ஒரு சமூகம் இதைப் பெருமையாகச் சொல்லி, சுவரில் எழுதி, திருவிழாவில் நடித்தும் காட்டியது என்பது நடந்ததா இல்லையா என்பதைவிடக் குறைந்த செய்தி இல்லை.

நம் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான கதை அப்பருடையது. சைவராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாக இருந்து, சூலை நோயில் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் வந்து மறுபடி சைவரானவர். சமணத்தை விட்டதற்காகப் பல்லவ ராஜா அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினான் என்று புராணம் வரிசை போடுகிறது. ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது அவர் பாடியது 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று. குடி என்ற சொல்லைக் கவனியுங்கள். கூப்பிட்டவன் பேசியது மதம், பதில் சொன்னவர் பேசியது குடிமை. பிறகு அந்த ராஜாவும் சைவனாகிக் கடலூர் பக்கத்துப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துக் கோயில் கட்டினான் என்று கதை முடிகிறது. ராஜா மாறினபோது காளவாயைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

கிறிஸ்தவர்களும் மதம் விட்டவர்களைத் தண்டித்திருக்கிறார்களா?

தாராளமாக. முதல் முந்நூறு வருஷம் அடி வாங்கியவர்கள். 250-இல் ரோமாபுரி மன்னன் டேசியஸ் எல்லோரும் தேவதைகளுக்குப் பலியிட்டுச் சீட்டு வாங்க வேண்டும் என்றான். பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்களைத் திரும்பச் சேர்க்கலாமா என்று திருச்சபைக்குள் பெரிய சண்டை நடந்தது. அப்போது அதிகபட்சத் தண்டனை சபை விலக்குத்தான். கையில் அதிகாரம் இல்லை. 380-இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை ராஜ்யத்தின் மதமாக ஆக்கினான். அடுத்த ஆண்டே, கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய வழிபாட்டுக்குத் திரும்பியவர் உயில் எழுத முடியாது என்று சட்டம் வந்தது. மறுபடியும் சொத்து!

அப்புறம் நெருப்பு. 1222-இல் ஆக்ஸ்போர்டில், யூதப் பெண் ஒருத்தி மேல் காதலாகி யூத மதத்துக்குப் போன ஓர் உதவிக்குருவை (டீக்கன்) எரித்தார்கள். 1478-இல் தொடங்கிய ஸ்பெயின் விசாரணை மன்றத்தின் முதல் குறி, ஞானஸ்நானம் வாங்கிவிட்டு வீட்டுக்குள் யூத முறைகளை விடாதவர்கள். கோவாவில் 1560-இல் வந்த விசாரணை மன்றம், இடையில் சில வருஷம் தவிர்த்து, 1812 வரை இருந்தது. அங்கேயும் புதுக் கிறிஸ்தவர் வீட்டில் பழைய பழக்கம் ஏதாவது இருக்கிறதா என்று மோப்பம் பிடித்தார்கள். புராட்டஸ்டண்ட் பக்கமும் யோக்கியம் இல்லை. ஜெனீவாவில் 1553-இல், திரித்துவத்தை மறுத்த செர்வெட்டஸை எரித்தார்கள்.

எனக்கு மறக்க முடியாதது, இந்தக் குற்றத்துக்காக ஸ்பெயினில் கடைசியாகக் கொல்லப்பட்ட ஆள். கயத்தானோ ரிப்போல், ஸ்பெயினில் வலென்சியா பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். கடவுள் உண்டு, ஆனால் திருச்சபை சொல்கிறபடி இல்லை என்று நினைத்தவர். 1826-இல் தூக்கிலிட்டார்கள். எரிக்க வேண்டும் என்பது சிலரின் விருப்பம், காலம் மாறிவிட்டதால் எரிக்க முடியவில்லை. அதனால் ஒரு பீப்பாயில் தீ நாக்குகளைச் சாயத்தால் வரைந்து பயன்படுத்தினார்கள். அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்துவிட்டார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இஸ்லாத்தில் மரண தண்டனைதானே?

இதைக் கேட்கும்போது சிலருக்குக் குரல் மாறும். பதிலை மாற்றாமல் சொல்கிறேன்.

'மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை' என்பது குர்ஆன், இரண்டாம் அத்தியாயம், 256-ஆம் வசனம். மதம் விட்டவனுக்கு இவ்வுலகில் மரணம் என்று குர்ஆனில் இல்லை. மறுமைத் தண்டனை பேசப்படுகிறது. ஆனால் 'தன் மார்க்கத்தை மாற்றியவனைக் கொல்லுங்கள்' என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் உண்டு. நான்கு மத்ஹபுகளின் (சட்ட மரபுகளின்) பழைய சட்ட அறிஞர்களும் முர்தத், அதாவது மதம் விட்டவன், ஆன ஆணுக்கு மரணம் என்றே எழுதினார்கள். ஹனஃபி மத்ஹப் பெண்ணைக் கொல்லக்கூடாது, சிறை வைக்க வேண்டும் என்றது. ஏன் பெண்ணுக்கு விலக்கு? அவள் ஆயுதம் எடுத்து எதிரணியில் நிற்கமாட்டாள் என்ற காரணத்தை அவர்களே எழுதியிருக்கிறார்கள். நபிகளார் மறைந்ததும் 632-இல் நடந்த ரித்தா போர்களில் பல கோத்திரங்கள் மறுத்தது ஜகாத் என்ற வரியைக் கொடுக்க. மதத்தை விடுவதும் படையை விடுவதும் ஒன்றாகப் பார்க்கப்பட்ட காலம்.

துருக்கி சுல்தான் 1844-இல், முந்தின வருஷம் ஓர் ஆர்மீனியரைக் கொன்றதால் எழுந்த ஐரோப்பிய நெருக்கடிக்குப் பிறகு, இனி இதற்காகக் கொலை இல்லை என்று வாக்குக் கொடுத்தார். சூடானில் 1985-இல் மஹ்மூத் முஹம்மது தாஹா என்ற அறிஞரைத் தூக்கிலிட்டார்கள். அவர் மதத்தை விட்டவரே அல்ல, அதிபருக்கு எதிராகத் துண்டறிக்கை விட்டவர். அதே சூடான் 2020-இல் அந்தச் சட்டப்பிரிவையே நீக்கியது. மலேசியாவில் தூக்குக் கயிறு இல்லை, அடையாள அட்டை இருக்கிறது: கிறிஸ்தவராக மாறிய லினா ஜாய், அட்டையில் 'இஸ்லாம்' என்பதை நீக்கச் சொல்லிப் போட்ட வழக்கில் 2007-இல் தோற்றார்.

நம் பக்கத்து முஸ்லிம்களை இந்த வரலாற்றால் அளப்பவர்கள், தக்கலையில் ஞானப்புகழ்ச்சி பாடும் இரவில் ஒருமுறை வந்து உட்காரட்டும். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர்முகம்மது அப்பாவின் தமிழ்ப் பாட்டு, ரஜப் மாதத்தில் விடிய விடிய. எனக்கு முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தவர் மடியில் திருநீற்றுப் பொட்டலம் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். காலையில் நேர்ச்சைச் சோறு வாங்குகிற வரிசையில் மதம் கேட்கமாட்டார்கள்.

'போகிறவன் போகட்டும்' என்று சொன்ன அரசர் யாரும் உண்டா?

அசோகர் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் அடுத்தவர் சமயத்தையும் மதிக்கச் சொன்னார். ஆனால் மாறுவதைப் பற்றி அதில் பேச்சில்லை. அதைப் பேசியவர் அக்பர். சின்ன வயதில் கட்டாயப்படுத்தி முஸ்லிமாக்கப்பட்ட இந்து, விரும்பினால் தன் முன்னோர் மதத்துக்குத் திரும்பலாம் என்று உத்தரவு போட்டார். இதைக் குறித்து வைத்திருப்பவர் அவர் அவையில் இருந்த வரலாற்றாசிரியர் பதாவுனி, அக்பரைப் பிடிக்காதவர், அதனால் நம்பலாம்.

1948-இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவில் மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். சவூதி அரேபியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான், குர்ஆனை வைத்தே அந்தப் பிரிவை ஆதரித்தார்.

இப்போது நம் சட்டப்படி மாறினால் ஏதாவது இழப்பு உண்டா?

ஜெயில் இல்லை. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002-இல் வந்தது, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில மாநிலங்களில் அப்படிச் சட்டங்கள் இருக்கின்றன.

ஆனால் சின்ன எழுத்தில் சில விஷயங்கள் உண்டு. கணவனோ மனைவியோ இந்து மதத்தை விட்டால், 1955-ஆம் வருஷ இந்துத் திருமணச் சட்டப்படி மற்றவர் விவாகரத்து கேட்கலாம். 1956-ஆம் வருஷ வாரிசுச் சட்டப்படி மாறியவருக்குச் சொத்தில் பங்கு உண்டு. மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர்களின் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. பட்டியல் சாதியினர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ ஆனால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். 1950-ஆம் வருஷ ஆணை அப்படி. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் வழி விட்டார்கள். நம் மாவட்டத்தில் இதனால் சர்டிபிகேட்டில் ஒரு சாமி, நெஞ்சில் ஒரு சாமி என்று வாழ்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

மண்டைக்காடு?

1982 மார்ச், மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் மாசிக் கொடை நேரம். கடற்கரையில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவில் தொடங்கிய சச்சரவு கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராகப் பேசி ஆட்களை ஒன்றாக உட்காரவைத்தார். அப்போது நான் இளவட்டம். பக்கத்து வீட்டில் உப்பு வாங்கப் போகிறவர்கள் மூன்று வாரம் போகவில்லை. நாலாவது வாரம் போனார்கள்.

சட்டத்தில் இல்லாத தண்டனை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. அதற்குப் பெயர் கல்லறைத் தோட்டம்.

என் சித்தி ஒருத்தி, அம்மா வழி. நாற்பது வருஷம் ஒரு சபையில் சங்கத்துப் பாட்டுக்காரி. கடைசிப் பத்து வருஷம் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போனாள், நகையைக் கழற்றினாள், ஆற்றில் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தாள். ஒரு ஆவணி மாதம் காலையில் தவறிப்போனாள். பழைய சபையின் தோட்டத்தில் சித்தப்பா பக்கத்தில் அடக்கம் செய்யலாம் என்று கேட்டோம். பத்து வருஷச் சந்தா பாக்கி என்றார்கள். கட்டுகிறோம் என்றோம். அங்கத்தினர் பட்டியலில் பெயரை வெட்டியாயிற்று என்றார்கள். புதுச் சபைக்குச் சொந்தமாகத் தோட்டம் இல்லை. வாடகைக் கட்டடத்தில் ஆராதனை. இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள், இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். பேசிப் பேசி மத்தியானம் மூன்று மணி. ஐஸ் பெட்டிக்காரர் கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் வேண்டும் என்கிறார். கடைசியில் மாமா எழுந்து ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு மூலைக்கு நடந்தார். இங்கே சொந்த விளையில் அடக்கம் செய்வது புதிதல்ல என்பதால் காரியம் முடிந்தது. இரண்டு சென்ட் பூமிகூட இல்லாதவர் வீட்டில் இது நடந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

கிறிஸ்தவர்களை மட்டும் சொல்லவில்லை. ஊர்க் கோயில் தலைக்கட்டு வரியை வாங்க மறுப்பது, ஜமாஅத்தில் நிக்காஹ் எழுதிக் கொடுக்க மறுப்பது, எல்லாம் ஒரே ரகம். வரி வாங்க மறுப்பது தண்டனையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வரி வாங்காவிட்டால் நீ ஊரில் இல்லை என்று அர்த்தம்.

எந்த மதமும் வேண்டாம் என்றால்?

2019-இல் திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று தாசில்தாரிடமே சான்றிதழ் வாங்கினார். காகிதத்தில் வழி இருக்கிறது. 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், இஸ்லாத்தை விட்டுக் கடவுள் மறுப்பாளரான ஓர் இளைஞரை இரவில் கூப்பிட்டு வெட்டிக் கொன்றார்கள். அதை எந்த நீதிமன்றமும் தண்டனையாக விதிக்கவில்லை. இரண்டும் ஒரே மாநிலம், இரண்டு வருஷ இடைவெளி.

இந்த இடங்களை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும், வண்டி இருந்தால். காலையில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, காற்று பலமாக அடிக்கும், தொப்பி வேண்டாம். அங்கிருந்து கோட்டாறு, பிறகு நாகராஜா கோயில். உச்சி பூஜைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முன்னாலேயே போய்விடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறையும் உதயகிரிக் கோட்டையும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான். தேவசகாயம் தாகத்தில் முட்டியால் இடித்தபோது தண்ணீர் வந்ததாகச் சொல்லும் பாறையில் இன்றும் கசிகிறது. தக்கலை தர்கா போகிற வழியில்.

சாயங்காலம் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், குடைவரைக்குள் பகவதி. 9-ஆம் நூற்றாண்டில் குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி பொன் நகை கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது பகவதி கோயிலாகிவிட்டது. போன வருஷம் எங்களோடு ஏறின ஒரு பாட்டி எல்லாத் தீர்த்தங்கரருக்கும் ஆளுக்கொரு செம்பருத்தி வைத்துக்கொண்டே வந்தாள். இவர்கள் வேறு மதம் பாட்டி என்று ஒரு பையன் சொன்னான். 'இருக்கட்டும் மக்களே, இம்புட்டு தூரம் ஏறி வந்தாச்சு' என்றாள். ஏற்றம் கொஞ்சம் நீளம். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது.